கரண்ட் இல்லாத கப்பலுக்குப் போன கோழி

குளிர்பதன அறையின் சாவி முதன்முதலாகக் கைக்கு வரும் நாளில் கூடவே ஒரு கர்வமும் வந்து சேரும். எனக்கு வந்தது. வெளியே நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் தார் இளகிக்கொண்டிருக்கும். நாம் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு உள்ளே போவோம். உலகத்தில் கெட்டுப்போகக்கூடிய பொருள் எல்லாவற்றையும் நாம்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றும். கப்பல்களுக்கு உணவுப்பொருள் அனுப்பும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் முகத்திலும் அந்தக் களை தெரிகிறது. அழகாகத்தான் இருக்கிறது. என்னுடையது எப்படிப் போயிற்று என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

எந்தப் பொருளை எத்தனை டிகிரியில் வைப்பது என்பதைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். அதைப் படித்துக்கொள்ளுங்கள். சுவருக்குத் தெரியாததை நான் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், ஒரு ஜூலை மாதம். அமீரகத்தின் புஜைராவில் ஒரு கப்பல் சப்ளை கம்பெனியில் நான் ஸ்டோர் இன்சார்ஜ். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு லாஞ்ச் படகில் அரிசி, இறைச்சி, காய்கறி அனுப்புவோம். அந்தக் கப்பல்களில் ஒன்றை அதன் முதலாளி கைவிட்டிருந்தார். பழைய சரக்குக் கப்பல். முதலாளி போன் எடுப்பதை நிறுத்தி ஏழு மாதம் ஆகியிருந்தது. பதினான்கு பேர் உள்ளே. கேப்டனைத் தவிர ஏறக்குறைய எல்லோரும் கானா, நைஜீரியா ஆட்கள். டீசல் தீர்ந்துகொண்டே வந்ததால் ஜெனரேட்டரைச் சாயங்காலம் இரண்டு மணி நேரம் மட்டும் ஓட்டுவார்கள். தண்ணீர் பம்பும் ரேடியோ பேட்டரியும் அதற்குள் பிழைத்துக்கொள்ள வேண்டும்.

மாலுமிகள் நலச் சங்கம் ஒன்று இரக்கப்பட்டு அவர்களுக்கு உணவு அனுப்ப முன்வந்தது. ஆர்டர் எங்களுக்கு வந்தது. என்ன அனுப்புவது என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும்.

கப்பலின் சமையல்காரர் கேப்டனின் மொபைலில் என்னைக் கூப்பிட்டார். கானாக்காரர். எல்லோரும் அவரைக் குக் என்றே அழைத்தார்கள். கடைசிவரை எனக்கும் அவர் குக்தான். அவர் பேச்சு ஆங்கிலமும் அரபியும் கொஞ்சம் இந்தியும் சேர்ந்தது. அதை நம் பேச்சிலேயே சொல்கிறேன்.

"பாய், இங்க ஃப்ரிட்ஜ் மாஃபி, இல்ல. கோழி வேண்டாம். அரிசி, உப்பு, வெங்காயம், காஞ்ச மிளகாய் போதும். உப்பு மட்டும் நெறய."

பாவம், விவரம் தெரியாத மனிதர், கூச்சப்பட்டுக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். இரக்கப்படும்போது எதிராளி சொல்வது நம் காதில் விழுவதில்லை. உறைந்த கோழி, வெண்ணெய், தயிர், ஐஸ் போட்ட காய்கறி என்று ஒரு கல்யாணத்துக்குப் போதுமான பட்டியலைப் போட்டேன். ஏதோ உறுத்தி, மேனேஜரிடமும் ஒரு வார்த்தை கேட்டேன். சென்னைக்காரர், ஏசி அறையைவிட்டு வெளியே வருவதென்றால் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர மட்டுமே வருவார்.

"ஷிப்ல ஃப்ரீஸர் இருக்கா இல்லியா?" என்றார்.

"இருக்கு சார். கரண்ட்தான்..."

"ஃப்ரீஸர் இருக்குல்ல? அப்புறம் என்ன?"

அத்துடன் விஷயம் முடிந்தது. எங்கள் ஆபீசில் பெட்டி இருந்தால் போதும். அது குளிர்கிறதா என்பது வேறு டிபார்ட்மெண்ட்.

லாஞ்ச் ஓட்டியவன் முருகேசன். ராமநாதபுரத்துக் கடற்கரை ஆள். நாலாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். கோழிப் பெட்டிகளை ஏற்றும்போதே கேட்டுவிட்டான்: "அண்ணே, அந்தக் கப்பல்ல லைட்டே எரிய மாட்டேங்குது. ஐஸ் கோழிய எங்கிட்டு வைப்பாக?"

"உனக்கு எதுக்குய்யா அதெல்லாம்? லாஞ்ச எடு," என்றேன். நான் டிப்ளமோ படித்தவன்.

அன்று என்னிடம் இன்னொரு அதிகாரமும் இருந்தது. கப்பலின் சமையலறை சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்து, தகுதியில்லாத பொருள் இருந்தால் கரைக்குக் கொண்டுவந்துவிடும்படி நலச் சங்கம் கேட்டிருந்தது. உணவுச் சுகாதாரச் சான்றிதழ் என்னிடம் இருந்தது அவர்களுக்குத் தெரியும். இரண்டு நாள் வகுப்பு. இரண்டாம் நாள் மதியம் பிரியாணியோடு முடிந்துபோனது.

குக் என் வயதுக்காரர், நாற்பதை ஒட்டி இருக்கும். ஒல்லியான உடம்பு. கோழிப் பெட்டிகள் மேலே வருவதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சமையலறைக்குப் பக்கத்துச் சின்ன அறையைத் திறந்து காட்டினார்.

வாடை முகத்தில் அடித்தது. நான் தூத்துக்குடிக்காரன். எங்கள் வீட்டில் கருவாடு வறுத்தால் மூன்று தெருவுக்குச் சேதி போகும். அப்படிப்பட்ட நான் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டேன். மற்றவன் கருவாடு என்றால் நமக்கு எப்போதுமே நாற்றம்தான்.

மூட்டைகள் எதுவும் தரையில் இல்லை. பலகை அடுக்கி அதன்மேல் வைத்திருந்தார். சுவரிலிருந்தும் ஒரு கை தள்ளி இருந்தன. பெரிய தகர டின்களில் ரவை மாதிரி ஒன்று. மரவள்ளிக்கிழங்கைத் துருவி, புளிக்கவைத்து, பிழிந்து, ஈரம் போக வறுத்தது. அதற்குக் காரி என்று பெயர். கறுப்பு கேனில் ரத்தச் சிவப்பில் செம்பனை எண்ணெய். ஓடு உரிக்காத ஒருவகைப் பூசணி விதை, ஒரு சாக்கு. அவ்வப்போது தேவைக்குத்தான் உரிப்பாராம். உரித்து வைத்தால் எண்ணெய் சிக்குவாடை வந்துவிடுமாம். கப்பல் ஓரத்தில் தூண்டில் போட்டுப் பிடித்து, உப்பிட்டு, பலகைத் துண்டுகளின் புகையில் காயவைத்த மீன் கம்பியில் தொங்கியது. காய்ந்த மிளகாய் நடுநடுவே. கடைசியாக ஒரு கண்ணாடி ஜாடி நிறையக் கறுப்பு உருண்டைகள். ஏதோ மரத்து விதையை அவித்து, புளிக்கவைத்து, உப்போடு காயவைத்தவை. வாடையின் தலைநகரம் அந்த ஜாடிதான்.

"இது அழுகிப்போச்சு," என்றேன்.

"அழுகல. புளிச்சிருக்கு. ரெண்டும் வேற."

"எனக்கு வித்தியாசம் தெரியல."

"அது தெரியுது," என்றார் குக்.

"எத்தன நாளா வச்சிருக்கீங்க?"

"ஏழு மாசம்."

"ஏழு மாசமா? ஃப்ரிட்ஜ் இல்லாமயா?"

"ஃப்ரிட்ஜ் இல்லாததாலதான் ஏழு மாசம்."

அந்த ஒரு வரியில் முழுப் பாடமும் இருந்தது. எனக்கு அது திமிராகப் பட்டது. மீனில் ஒரு வண்டு ஊர்ந்ததையும் பார்த்துவிட்டேன். பிறகு கேட்கவா வேண்டும்? படிவத்தை எடுத்து, 'மனித உணவுக்குத் தகுதியற்றது' என்று எழுதினேன். வண்டு விழுந்த மீனைத் தட்டி, மறுபடி புகையில் காட்டி எடுத்தால் சரியாகிவிடும் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கேப்டன் அப்போது எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடும் நிலையில் இருந்தார். மூட்டை, டின், கேன், ஜாடி எல்லாம் லாஞ்சில் இறங்கின. மூன்று காப்பி ரசீது போட்டு, ஒன்றைக் குக்கிடம் கொடுத்தேன். முறைப்படி நடப்பதில் நான் புலி.

கோழியை உப்புப்போட்டுக் காயவைக்கப் போவதாகக் குக் சொன்னார். கூடாது, உறைந்த இறைச்சியை ஃப்ரீஸரில்தான் வைக்க வேண்டும் என்று அதையும் எழுதிக் கொடுத்தேன். அவர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார்.

"என் சாப்பாட்ட எடுத்துக்கிட்டு எனக்கு ஐஸ் குடுக்கிறே," என்றார். "கலாஸ், முடிஞ்சுது. போ."



நான்காம் நாள் காலை ரேடியோவில் கூப்பிட்டார்கள். ஏழு பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. மருத்துவப் படகு கிளம்புகிறது என்றார்கள். பின்னாலேயே எங்கள் லாஞ்சும் போனது.

மேல்தளத்தில் தார்ப்பாய் நிழலில் ஆட்கள் கிடந்தார்கள். சீஃப் எஞ்சினியர் வயதானவர். உதடு வெடித்து, கண் உள்ளே போய், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் தெம்பும் இல்லாமல் கிடந்தார். குக் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை ஸ்பூனால் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை நிறுத்தவில்லை.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"ரெண்டாம் நாள் கோழி இளகிப்போச்சு. எஞ்சின் ரூம்காரங்க உன் கடிதாசிக்கு மரியாத குடுத்து, இருக்கிற டீசல வச்சு ராத்திரி முழுக்க ஜெனரேட்டர் ஓட்டினாங்க. மறுபடியும் கல்லு மாதிரி ஆயிடுச்சு. கல்லு கெட்டுப்போகாதுன்னு நெனச்சுட்டாங்க."

"நீங்க சொல்லலியா?"

"மோந்து பாத்தேன். வேண்டாம்னு சொன்னேன். வேற என்ன இருக்கு திங்கன்னு கேட்டாங்க." ஸ்பூன் நின்றது. "நீயே சொல்லு. வேற என்ன இருந்துச்சு?"

  இளகிக் கெட்ட இறைச்சியை வேகவைத்தால் கிருமி சாகலாம். அது கக்கிவைத்த விஷம் சாகாது. இதை வகுப்பில் எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். தேர்வில் சரியாகவும் எழுதியிருந்தேன்.

சீஃப் எஞ்சினியரைத் தூக்குப் பலகையில் கட்டிப் படகில் இறக்கினார்கள். இறக்கும்போது அவர் கை பக்கவாட்டில் தொங்கி ஆடியது. முருகேசன் எட்டி அந்தக் கையைப் பிடித்து மார்மீது வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "நாலாங் கிளாஸ் படிச்சவன் சொன்னா யாருண்ணே கேக்குறா?" என்றான். அவன் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னான்.

கரைக்கு வந்தபோது மேனேஜர் அறிக்கையைத் தயாராக வைத்திருந்தார். அவ்வளவு சுறுசுறுப்பை அவரிடம் நான் பார்த்ததே இல்லை. 'கப்பல் ஊழியர்கள் தாங்கள் வைத்திருந்த, அழுகிய நிலையிலுள்ள பாரம்பரிய உணவை உண்டதால்' என்று தொடங்கியது. கையெழுத்து மட்டும் என்னுடையது வேண்டும்.

"சார், அந்தப் பொருளெல்லாம் நாம நாலு நாள் முன்னாடியே எறக்கிட்டோம். நம்ம கூல் ரூம்ல இருக்கு."

"யாருக்குத் தெரியும்?"

"ரசீது இருக்கு சார். தேதி போட்டு, என் கையெழுத்தோட."

"ஃபைல்தானே? ஃபைல் மிஸ் ஆகறது இல்லியா? உங்க ஃபேமிலி விசா போன மாசம்தான் ரெனியூ ஆச்சு, இல்ல?"

விசாவைப் பற்றி அவர் மிரட்டவில்லை. நலம் விசாரித்தார்.

அந்த ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் நேர்மையாக நின்றேன் என்று உங்களிடம் சொல்ல எனக்கும் ஆசைதான். ஓய்வுபெற்றவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். கேட்டால் நம் கம்பெனியில் மகாத்மாக்கள் மட்டுமே வேலை பார்த்தார்கள் போலிருக்கும். உண்மை என்னவென்றால், மனைவி முகமும் மகளின் பள்ளிச் சீருடையும் கண்ணில் வந்தன. ரசீதைக் கிழிக்கத் துளையிலிருந்து உருவியும்விட்டேன். அப்போதுதான் மூன்றாவது காப்பி குக்கிடம் இருப்பது ஞாபகம் வந்தது. என்னைக் காப்பாற்றியது மனசாட்சி இல்லை, கார்பன் பேப்பர்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். ஏசி ஓடியும் அவர் முகம் வியர்த்தது. அறிக்கையைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, "அப்ப நீங்களே எழுதுங்க," என்றார்.

எழுதினேன். கோழிதான் காரணம் என்று எழுதியதில் பெருமை ஒன்றும் இல்லை. அதற்குக் காப்பி இருந்தது. ஆனால், 'கப்பலில் குளிர்சாதனம் இல்லை, கோழி வேண்டாம் என்று சமையல்காரர் முன்கூட்டியே போனில் தெரிவித்தார். நான் பொருட்படுத்தவில்லை' என்றும் ஒரு வரி சேர்த்தேன். அந்த போன் பேச்சுக்கு எந்தக் காப்பியும் கிடையாது. முப்பது வருஷ வேலையில் யாரும் கட்டாயப்படுத்தாமல் நான் எழுதிய வரி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மேனேஜர் எல்லா லாஞ்சுக்கும் தெர்மாமீட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டு, உணவுப் பாதுகாப்பில் சீர்திருத்தம் கொண்டுவந்தவர் என்று தலைமையகத்தில் நல்ல பெயர் எடுத்தார்.

சீஃப் எஞ்சினியர் பிழைத்தார். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். என்னை யாரென்று அவருக்குத் தெரியவில்லை. சப்ளை கம்பெனி என்றதும், "கப்பலுக்கு டீசல் கொண்டுவந்தீங்களா?" என்றார்.

இனி குக்கின் பொருட்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கூல் ரூமைத் திறந்தேன். அழிக்கும்வரை ஆதாரமாகப் பத்திரமாக இருக்கட்டும் என்று, மூடியைத் திறந்து சோதனை போட்டுவிட்டு, எல்லாவற்றையும் அங்கேதான் அடுக்கியிருந்தேன். டின் மூடிகளை மறுபடி இறுக்கவில்லை; வாடைக்குப் பயந்து ஜாடியை மட்டும் திறக்கவேயில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் வெளியிலிருந்து புழுக்கக் காற்று உள்ளே போய்த் தண்ணீராய் இறங்கியிருக்கிறது. காரி ஈரம் குடித்துக் கட்டிதட்டி, மேலே பச்சைப் பூசணம். புகைமீன் பதம் கெட்டு, தொட்டால் பிசுபிசுத்தது. மேலெல்லாம் வெள்ளைப் பஞ்சு. எண்ணெய் உறைந்ததோடு தப்பித்தது. நான் அழுகல் என்று எழுதிய கறுப்பு உருண்டைகள் இறுக மூடிய ஜாடிக்குள் கல்லுக்குண்டாட்டம் அப்படியே இருந்தன.

வெயிலிலும் கடல் காற்றிலும் ஏழு மாதம் நின்ற பொருளை, அரபிக்கடலோரத்தின் மிக உயர்ந்த குளிர்பதன வசதியில் வைத்து, ஒரு வாரத்தில் முடித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை லீவில் துபாய் போய், தேராவின் சந்துகளில் மேற்கு ஆப்பிரிக்கப் பொருள் விற்கும் கடையைத் தேடினேன். ஒரு கானாக்கார அம்மாள் நடத்தும் கடை கிடைத்தது. எதற்கு வேண்டும் என்று கேட்டார். சொன்னேன்.

"பழைய காரி எப்படிக் கெட்டுச்சு?"

"கூல் ரூம்ல வச்சேன்."

அவர் கடையில் நின்ற மூன்று பேரைக் கூப்பிட்டு, அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். மூவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் அந்த அம்மாள் ஒரு பிடி காரியை என் உள்ளங்கையில் கொட்டினார். "கடி," என்றார். கடித்தேன். பல்லில் நறுக்கென்றது. "இந்தச் சத்தம் இருக்கிறவரைக்கும் நல்லா இருக்கும். சத்தம் போச்சுன்னா ஈரம் வந்துட்டுதுன்னு அர்த்தம். ஈரக் கையோட டின்ன தொட்டா கையவே வெட்டணும்." தெர்மாமீட்டர் எதையும் அவர் குறிப்பிடவில்லை.

அங்கே வாங்கிய காரியையும் புகைமீனையும், தப்பிய எண்ணெய், ஜாடியோடு கப்பலுக்குக் கொண்டுபோனேன். குக் ஒவ்வொரு டின்னாகத் திறந்தார். கடித்துப் பார்த்தார். மீனை ஒடித்துப் பார்த்தார். எலும்போடு சடக்கென்று ஒடிந்தது. ஜாடியை வெளிச்சத்தில் திருப்பினார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒரு தட்டை எடுத்துத் துடைத்து, என் முன்னால் வைத்தார்.

மீனும் எண்ணெயும் அந்தக் கறுப்பு உருண்டையும் போட்டுக் காய்ச்சிய குழம்பு. பக்கத்தில் வெந்நீரில் பிசைந்த காரி. எங்களைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயில் வைக்கும்வரை வாடை இருந்தது. வைத்த பிறகு ருசி மட்டும்தான் இருந்தது. கெட்டியான கருவாட்டுக் குழம்பின் ஒன்றுவிட்ட தம்பி. முருகேசன் இரண்டாம் முறை கேட்டு வாங்கினான்.

அதற்குப் பிறகு அந்தக் கப்பலுக்கு அவர் கேட்டதைத்தான் அனுப்பினேன்: அரிசி, வெங்காயம், மிளகாய், மூட்டை மூட்டையாக உப்பு. இன்னும் ஐந்து மாதம் அந்தப் பதினான்கு பேரும் அதில்தான் ஓட்டினார்கள். காலை பத்து மணிக்கு மேல் குக் மீனை வெயிலில் பரப்புவார். மூன்று மணிக்குள் உள்ளே எடுத்துவிடுவார். சாயங்காலக் கடல் காற்று ஏறினால் பகலெல்லாம் காய்ந்தது வீண். கேட்டால் சொல்லமாட்டார், பார்த்தால் தடுக்கமாட்டார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களில் ஒருவருக்கும் வயிற்றுவலிகூட வரவில்லை.

கடைசியில் கப்பல் ஏலத்துக்குப் போனது; ஆட்களுக்கு ஊர் திரும்ப டிக்கெட் வந்தது. விற்பனை முடியும்வரை காவலுக்கு இரண்டு பேரைக் கப்பலில் விடுவதாக ஏற்பாடு. குக் லாஞ்சில் இறங்கும்முன் என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். மிச்சமிருந்த இரண்டு டின் காரியும் கொஞ்சம் மீனும் பலகைமேல் இருந்தன.

"காவலுக்கு வர்றவங்களுக்கு. அவங்ககிட்ட சொல்லிடு, ஃப்ரிட்ஜ்ல வைக்கக் கூடாது."

"இந்தக் கப்பல்லதான் ஃப்ரிட்ஜே ஓடலியே?"

"ரொம்ப நல்லது," என்றார் குக், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. "அப்ப நீயே வந்தாலும் கெடுக்க முடியாது. யல்லா, கெளம்பு."